ஐ.எஸ்.டபிள்யூ.சி.யில் ஆரம்பக்கட்ட வேலை: போஸ்டரில் எந்த எண்ணைப் போடுவது?

நூல்மீட்டர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பிஎச்.டி. செய்கிறேன், இரண்டாம் ஆண்டு. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்யும் பிசியோதெரபி பயிற்சிகளைக் கணக்கு வைக்கிற மாதிரி, முட்டியில் மாட்டும் துணியுறை (நீ-கேப்) ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். வெள்ளி பூசிய நைலான் நூலைச் சாதாரண நூலோடு சேர்த்துப் பின்னியிருக்கிறது. முட்டி மடங்கினால் துணி இழுபடும், மின்தடை மாறும். அதை வைத்து எந்தப் பயிற்சி, எத்தனை தடவை என்று கண்டுபிடிக்க ஒரு கணினி மாடலைப் பழக்குகிறோம். திருப்பூரில் காலர் பின்னும் ஃபிளாட் நிட்டிங் மெஷினிலேயே சாம்பிள் பீஸ் போட்டுக் கொடுத்தார்கள்.

இது ஐ.எஸ்.டபிள்யூ.சி.யில் (உடலில் அணியும் கணினிகளுக்கான சர்வதேசக் கருத்தரங்கு) போஸ்டராக, அதாவது பெரிய தாளில் ஒட்டிவைத்துப் பக்கத்தில் நின்று விளக்குகிற வேலையாக, தேர்வாகியிருக்கிறது. பக்கத்திலேயே டெமோவும் காட்டலாம் என்றிருக்கிறோம். சந்தோஷம்தான், ஆனால் வேலை இன்னும் பாதிகூட முடியவில்லை. 6 பேரிடம் மட்டும் டேட்டா எடுத்திருக்கிறோம். எல்லோரும் எங்கள் லேப் ஆட்கள், யாருக்கும் முட்டி வலி கிடையாது.

என் குழப்பம் இதுதான். எல்லா டேட்டாவையும் கலந்து பத்துப் பங்காகப் பிரித்து, ஒன்பதில் பழக்கி மீதி ஒன்றில் சோதித்தால் துல்லியம் 95 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒருவரை முழுதாக வெளியே வைத்துவிட்டு, மற்ற ஐந்து பேரின் டேட்டாவில் பழக்கி, அவரிடம் சோதித்தால் 70க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கைடு முதல் எண்ணைப் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறார். போஸ்டர்தானே, யாரும் அவ்வளவு நோண்ட மாட்டார்கள் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே சமயம் 70 என்று போட்டால் யார் நின்று பார்ப்பார்கள் என்றும் தோன்றுகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சேலத்துக்காரன்

கைடு சொல்வதைக் கேளுங்கள். இரண்டு எண்ணும் உண்மையான எண்தானே? பொய் எதுவும் சொல்லவில்லையே. அப்ஸ்ட்ராக்டில் எந்த எண் போனதோ அதையே போஸ்டரிலும் போடுவதுதான் முறை. கூட்டத்தில் ஒருவர் உங்கள் போஸ்டருக்குத் தருகிற நேரமே ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்தில் குறையைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள்.

---

மேகலை_எம்பெடட்

இதில் சேலத்துக்காரனோடு நான் ஒத்துப்போகவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 95 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நீங்கள் சென்சார் டேட்டாவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டியிருப்பீர்கள், ஒன்றின் பாதி அடுத்ததில் வருகிற மாதிரி. எல்லாவற்றையும் கலக்கிப் பிரித்தால், ஒரே ஆள் ஒரே தடவை காலை மடக்கி நீட்டியதன் ஒரு துண்டு பழக்கும் பக்கமும் அதை ஒட்டிய துண்டு சோதிக்கும் பக்கமும் போய்விடும். மாடல் அந்தப் பயிற்சியைக் கற்றுக்கொண்டதா, அந்த ஆளின் அந்த அசைவை மனப்பாடம் செய்ததா என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. 2015இல் ஒசாகாவில் நடந்த யூபிகாம்பில் (ஐ.எஸ்.டபிள்யூ.சி.யோடு சேர்ந்து நடக்கிற கருத்தரங்கு) ஹம்மர்லா, ப்ளாட்ஸ் என்ற இருவரும் இதை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு பேப்பர் கொடுத்தார்கள். அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றுபோலவே இருப்பதால் இப்படிச் சோதிப்பது முடிவை எப்படி ஊதிக் காட்டுகிறது என்பதுதான் விஷயம். நீங்கள் போகிற அரங்கில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்கும். 6 பேர், 95 சதவீதம் என்று பார்த்ததுமே "டேட்டாவை எப்படிப் பிரித்தீர்கள்?" என்று கேட்பார்கள். அப்போது 70ஐச் சொன்னால் மறைத்து வைத்திருந்ததை அவர்கள் தோண்டி எடுத்த மாதிரி ஆகிவிடும். நீங்களே முதலில் சொன்னால் பேச்சு அங்கிருந்து மேலே போகும்.

இது புதுசாக வந்த கெடுபிடியும் இல்லை. 2004இல் பாவோ, இன்டில் இருவரும் பெர்வேசிவ் கருத்தரங்கில் கொடுத்த பேப்பரை இந்தத் துறையில் படிக்காதவர் இருக்க மாட்டார்கள். 20 பேர், உடம்பில் 5 இடத்தில் முடுக்கமானி, 20 அன்றாட வேலைகள். ஒருவரை வெளியே வைத்துச் சோதித்ததில் 84 சதவீதம் வந்தது. அன்றைக்கே அப்படித்தான் சோதித்தார்கள். அதில் ஒரு சுவாரசியம், அவரவர் டேட்டாவில் மட்டும் பழக்கியதைவிட மற்ற எல்லோருடைய டேட்டாவிலும் பழக்கியதுதான் மேலாக வந்தது. உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. ஏன்?

இந்த "ஏன்"தான் உங்கள் போஸ்டர் என்று நினைக்கிறேன். 95க்கும் 70க்கும் நடுவே இருக்கிற பள்ளத்தை உங்கள் துணி உண்டாக்குகிறதா, தொடையின் சுற்றளவா, மாட்டிய விதமா? ஆள்வாரியாகப் பிரித்த வரைபடம் இருக்கிறதா?

---

நூல்மீட்டர்

நன்றி அக்கா. ஆள்வாரியாகப் போட்டுப் பார்த்தேன். நான்கு பேருக்குப் பரவாயில்லை. ஒல்லியான கால் உள்ள இரண்டு பேருக்குத்தான் மொத்தமாக விழுகிறது. பத்துப் பதினைந்து தடவை மடக்கி நீட்டியதும் அவர்களுக்கு நீ-கேப் கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது, நூல் இருக்கிற பகுதி முட்டிச்சில்லை விட்டு விலகிப் போகிறது.

இன்னொரு பிரச்சினை, காலை நேராக நீட்டினாலும் மின்தடை ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பி வருவதில்லை. இழுக்கும்போது ஒரு பாதை, விடும்போது வேறு பாதை. நேரம் ஆக ஆக அந்த ஆரம்ப அளவே நகர்ந்துவிடுகிறது. வியர்த்தால் இன்னும் மோசம். இதையெல்லாம் எழுதினால் "கருவியே வேலை செய்யவில்லை" என்று ஆகிவிடாதா?

---

மேகலை_எம்பெடட்

ஆகாது. போக ஒரு பாதை, திரும்ப ஒரு பாதை என்கிற இந்த ஹிஸ்டெரிசிஸ் பின்னல் சென்சார் செய்கிற எல்லோருக்கும் இருக்கிறது. கண்ணிகள் ஒன்றையொன்று தொடும் இடம் மாறுவதால்தான் மின்தடை மாறுகிறது, விட்டதும் அவை பழைய இடத்துக்கு அப்படியே திரும்புவதில்லை. இதைப் பற்றிப் பேசாத போஸ்டரைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். மின்தடையையும் முட்டிக் கோணத்தையும் வைத்து அந்த இரண்டு பாதையையும் ஒரே படத்தில் வரைந்து போடுங்கள். துணியில் வேலை செய்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் நிற்பார்கள்.

---

காவிரிக்கரை

தம்பி, உங்கள் கைடு "போஸ்டர்தானே" என்று சொன்னது எனக்கு உறுத்துகிறது. அதனால் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஐ.எஸ்.டபிள்யூ.சி. முதலில் நடந்தது 1997 அக்டோபரில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில். கணினியை உடம்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் கூடிய இடம் அது. அதே முதல் கூட்டத்திலேயே எம்.ஐ.டி. மீடியா லேபிலிருந்து வந்த போஸ்ட், ஆர்த் இருவரும் துணியிலேயே மின்சுற்று அமைப்பது பற்றிப் பேசினார்கள். உங்கள் நூலுக்கு மூத்த தலைமுறை அங்கேதான் இருக்கிறது. 2006இல் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரூவில் நடந்தபோது லியா பீக்லி, தைத்துச் செய்யும் மின்னணுப் பொருள்களுக்கான ஒரு கட்டுமானப் பெட்டியைக் கொண்டுவந்தார். அப்போது கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. கடையில் கிடைக்கிற பொருளாக அது அப்போது இல்லை. மறு வருஷமே ஸ்பார்க்ஃபன் என்ற மின்னணு நிறுவனம் வழியாக, துணியில் தைக்கிற லில்லிபேட் ஆர்டுயினோ போர்டாக விற்பனைக்கு வந்தது. பிற்பாடு பள்ளிக்கூட வகுப்புகள் வரைக்கும் அது போனது. பாதியில் நிற்கிற வேலையைக் கொண்டுவந்து கையில் கொடுப்பதற்கென்றே இருக்கிற அரங்கு அது.

2013 முதல் யூபிகாம்போடு சேர்ந்தே நடக்கிறது. யூபிகாம்பின் முழுநீளப் பேப்பர்கள் 2017 முதல் இம்வுட் என்ற ஆய்விதழில் வருகின்றன, அந்த ஆசிரியர்கள் கருத்தரங்கில் வந்து பேசுவார்கள். ஐ.எஸ்.டபிள்யூ.சி.க்குத் தனியாக நோட்ஸ், ப்ரீஃப்ஸ் என்று சின்னப் பேப்பர்கள் உண்டு, அவை அதன் பிரதான தொகுப்பில் வரும். போஸ்டர், டெமோ, பயிலரங்கக் கட்டுரைகள் துணைத்தொகுப்பில் போகும். அதாவது, இதே வேலையை 30 நோயாளிகளோடு வளர்த்து நாளைக்கு இம்வுட்டுக்கு அனுப்பலாம், புதிதாகச் சேர்த்தது என்ன என்று தெளிவாகக் காட்டினால் போதும். முடிந்துபோன மாதிரி ஜோடித்து 95 என்று இப்போதே அச்சில் போட்டுவிட்டு, அப்புறம் முழுப் பேப்பரில் 78 என்று எழுதினால் அதை யாருக்கு எப்படி விளக்குவீர்கள்?

---

சேலத்துக்காரன்

காவிரிக்கரை ஐயா கடைசியாகச் சொன்னது நியாயம், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் நடைமுறை ஒன்று இருக்கிறது. இவர் கைடை வைத்துத்தான் ஆய்வேட்டை முடிக்க வேண்டும். பயணச் செலவுக்குக் கையெழுத்தும் அவர்தான். இங்கே நாம் எல்லோரும் கொள்கை பேசிவிட்டுப் போய்விடுவோம், மறுநாள் லேபில் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர் இவர்.

---

மேகலை_எம்பெடட்

ரொம்பச் சரி, அதையும் பேச வேண்டும். எண்ணைப் பற்றி வாதம் செய்யப் போகாதீர்கள். இரண்டு எண்ணும் உள்ள ஒரே அட்டவணையை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "சார், யாராவது எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதிலை அவர் வாயால் சொல்லிப் பார்க்கட்டும். பெரும்பாலான கைடுகளுக்கு மாணவன் வெளியூரில் தனியாக மாட்டிக்கொள்வது பிடிக்காது. அவர் பெயரும் போஸ்டரில் இருக்கிறதே.

---

இயன்முறை_மதுரை

நான் பிசியோதெரபிஸ்ட். கணினி தெரியாது, ஆனால் முட்டி தெரியும். ஒரு கேள்வி கேட்கலாமா?

எத்தனை தடவை செய்தார் என்பதை நோயாளியே எண்ணிக்கொள்வார். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. தேய்மானம் உள்ளவர்களுக்குத் தொடையின் முன்பக்கத் தசை பலவீனமாக இருக்கும். உட்கார்ந்து காலை நீட்டச் சொன்னால் முக்கால்வாசி நீட்டிவிட்டு நீட்டியதாகவே நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கடைசிச் சில டிகிரியில்தான் தசைக்கு வேலை அதிகம். வீட்டில் அதைச் செய்கிறார்களா என்பதை இன்றைக்கு நான் தெரிந்துகொள்ள வழியில்லை. உங்கள் நீ-கேப் அதைச் சொல்லுமா?

இன்னொன்று, என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு முட்டி வீங்கியிருக்கும். காலையில் இருக்கிற அளவு சாயங்காலம் இருக்காது. லேப் பிள்ளைகள் கால் எந்த நேரமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

---

நூல்மீட்டர்

மேடம், இந்தக் கேள்வியை எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. இன்று காலை லேபில் அதை மட்டும் சோதித்தேன். பதில் சிக்கலாக இருக்கிறது. நூல் முட்டிச்சில்லுக்கு மேலே இருக்கிறது. கால் மடங்கியிருக்கும்போது துணி நன்றாக இழுபட்டு நிற்பதால் அளவு தெளிவாக வருகிறது. கால் நேராகப் போகப் போக துணி தளர்ந்துவிடுகிறது. கடைசிப் பத்து, பதினைந்து டிகிரியில் மின்தடை கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. நீங்கள் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறீர்களோ, சரியாக அந்த இடத்தில்தான் எங்கள் சென்சாருக்குக் கண் தெரியவில்லை.

---

காவிரிக்கரை

தம்பி, போஸ்டர் தலைப்பு கிடைத்துவிட்டது. "பின்னல் சென்சாரால் முழங்காலின் கடைசிச் சில டிகிரியைப் பார்க்க முடியுமா?" இதைப் படித்துவிட்டுத் துணி ஆள் ஒருவர் பின்னலை முன்கூட்டியே இழுத்து வைக்கச் சொல்வார், இன்னொருவர் நூலை முட்டிக்குப் பின்பக்கம் போடச் சொல்வார், மூன்றாமவர் அசைவை அளக்கும் ஐ.எம்.யூ. சென்சார் ஒன்றைச் சேர்க்கச் சொல்வார். அவ்வளவு தூரம் செலவு செய்து போவது அதற்குத்தானே. முகப்பில், கணினி எங்கும் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று மார்க் வைசர் 1991இல் எழுதிய கட்டுரையிலிருந்து மேற்கோள் போட்டு இடத்தை வீணாக்க வேண்டாம். அங்கே வருகிற எல்லோருக்கும் அது மனப்பாடம்.

---

அலைவரிசை37

டெமோ பற்றி யாரும் பேசவில்லை. நான் டெமோ மேஜைகளுக்குப் பின்னால் நிறைய நின்றிருக்கிறேன், அதனால் இது.

நீ-கேப்பை அங்கே யார் மாட்டிப் பார்ப்பார்கள்? வருகிறவர் ஜீன்ஸ் போட்டிருப்பார். பேன்ட்டுக்கு மேலே மாட்டினால் சென்சார் ஒன்றும் காட்டாது, நடு அரங்கில் பேன்ட்டைத் தொடை வரை சுருட்டச் சொல்லவும் முடியாது. அதே பின்னலில் முழங்கைக்கு ஒன்று செய்துகொண்டு போங்கள். முழங்கையும் ஒரு திசையில் மடங்கும் மூட்டுதான், சட்டைக் கையை மடித்துவிட்டு அரை நிமிஷத்தில் மாட்டலாம். சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு வேண்டும். பக்கத்தில் நீங்களோ உங்கள் லேப் ஆளோ அரை டிரவுசரில் அசல் நீ-கேப்பை மாட்டிக்கொண்டு நிற்கலாம். துணியை ஒவ்வொருவருக்கும் நடுவில் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க முடியாது, அதனால் உள்ளே போட மெல்லிய உறை ஒரு கட்டு எடுத்துப் போங்கள்.

அடுத்தது புளூடூத். டெமோ மாலையில் ஒரே கூடத்தில் எல்லா மேஜையிலும் ஒரு பி.எல்.இ. (குறைந்த மின்சக்தியில் ஓடும் புளூடூத்) கருவி கத்திக்கொண்டிருக்கும், எல்லோர் பையிலும் ஃபோன் இருக்கும். பி.எல்.இ. தன்னை அறிவித்துக்கொள்கிற மூன்று அலைவரிசைகளும் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸில் இருக்கின்றன. வைஃபையின் 1, 6, 11 ஆகிய சேனல்களோடு மோதாமல் விலகி வருகிற மாதிரிதான் அப்படி வைத்தார்கள். ஆனால் கூட்டம் அதிகமானால் அந்த மூன்றுமே நெரிசலாகிவிடும், இணைப்பு விட்டுப்போனால் மறுபடி பிடிக்க நேரமாகும். ஒரே மாதிரி போர்டு வைத்திருப்பவர் பக்கத்து மேஜையில் இருந்தால், பெயரை வைத்து இணைக்கும் ஆப் அவருடைய கருவியைப் பிடித்துவிடும். போர்டின் முகவரியை வைத்து இணைக்கிற மாதிரி மாற்றுங்கள். யு.எஸ்.பி. வயர் வழியாக டேட்டா வருகிற இரண்டாவது வழி கட்டாயம் இருக்கட்டும். எதுவுமே ஓடாவிட்டால் பதிவு செய்த டேட்டாவை ஓட்டலாம், ஆனால் திரையில் "பதிவு" என்று பெரிதாக எழுதிவிட்டு ஓட்டுங்கள்.

உபரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. இந்த மாதிரிக் கருவியில் போடுகிற சின்ன 500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 2 வாட்-மணிகூட வராது. முனைகளில் டேப் ஒட்டி, போர்டிலிருந்து கழற்றித் தனித்தனி உறையில் போடுங்கள். துணிக்குள்ளிருந்து வயர் நீட்டிக்கொண்டிருக்கிற பொருளைச் சோதனையில் திறந்து காட்டச் சொல்வார்கள். கல்லூரித் தலைத்தாளில் இது என்ன கருவி என்று ஒரு பத்தி எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

---

சட்டமணி

ஒரு விஷயம் மட்டும். காப்புரிமை எண்ணம் இருந்தால் இப்போதே கல்லூரியின் காப்புரிமைப் பிரிவிடம் பேசுங்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவில், கண்டுபிடித்தவரே கற்றோர் கழகத்தில் படித்த கட்டுரைக்கு 12 மாதச் சலுகை உண்டு. அமெரிக்காவிலும் ஒரு வருஷம் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட பொதுச் சலுகை கிடையாது, வெளியே சொல்லிவிட்டால் போச்சு. கருத்தரங்குத் தொகுப்பு சில சமயம் கூட்டத்துக்கு முன்பே இணையத்தில் ஏறிவிடும், அந்தத் தேதிதான் கணக்கு. தற்காலிக விண்ணப்பம் ஒன்று போட்டுவிட்டால் முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும்.

---

இயன்முறை_மதுரை

நானும் ஒன்று சேர்க்கிறேன். நோயாளிகளிடம் போகும் முன் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது. லேப் ஆட்களானாலும் எழுத்தில் சம்மதம் வாங்கினீர்களா என்று பாருங்கள். கைடிடம் படிக்கிற மாணவர் "மாட்டேன்" என்று சொல்ல முடியுமா என்பதும் நெறிமுறைக் கேள்விதான். போஸ்டரில் யார் முகமும் வேண்டாம், கால் மட்டும் போதும்.

---

நூல்மீட்டர்

எல்லோருக்கும் நன்றி. இன்று கைடிடம் அட்டவணையோடு போனேன். மேகலை அக்கா சொன்ன கேள்வியைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் ஆள்வாரி வரைபடத்தைக் கேட்டு வாங்கி அதையே ரொம்ப நேரம் பார்த்தார். முடிவு: இரண்டு எண்ணும் ஒரே அளவு எழுத்தில், எப்படிப் பிரித்தோம் என்ற விளக்கத்தோடு வரும். 95தான் முதலில் வர வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சரி என்றுவிட்டேன்.

தலைப்பு காவிரிக்கரை ஐயா சொன்னதுதான், ஆங்கிலத்தில். நடுவில் மின்தடைக்கும் கோணத்துக்குமான படம், கடைசி 15 டிகிரியை வேறு நிறத்தில் காட்டியிருக்கிறேன். அதன் கீழே நீ-கேப் இறங்கிப்போன இருவரின் வரைபடம். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்துவிட்டேன். மதுரை மேடத்துக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், முடிந்தால் பாருங்கள். முழங்கைக்கு மூன்று அளவில் பின்னித் தர திருப்பூரில் கேட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். வருகிறவர்கள் சொல்கிற யோசனைகளை எப்படிக் குறித்து வைப்பது? பேசிக்கொண்டே எழுத முடியாதே.

---

மேகலை_எம்பெடட்

உங்கள் பின்னலின் படத்தை ஏ-3 தாளில் பெரிதாக அச்சிட்டு மேஜையில் வையுங்கள், பக்கத்தில் இரண்டு பேனா. "நூலை எங்கே போடுவீர்கள்?" என்று கேளுங்கள், அவர்களே அதில் வரைந்துவிடுவார்கள். ஓரத்தில் பெயரும் மின்னஞ்சலும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு தாளையும் அன்று இரவே ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள்.

---

அலைவரிசை37

போஸ்டர் நிறுத்துவாக்கில் வேண்டுமா, கிடைவாக்கில் வேண்டுமா என்று ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய அஞ்சலில் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். ஏ-0 என்றால் 841க்கு 1189 மில்லிமீட்டர். துணியில் அச்சடித்தால் மடித்துப் பெட்டியிலேயே வைக்கலாம், குழாய் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். திருப்பூர்ப் பக்கம் இருக்கிறவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.